கார்பன் காப்பி

பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாய்,
கார்பன் காப்பிக்கு நாற்பது காசு.
கலெக்டர் ஆபீஸ் எதிரே என் தகரக் கடைக்கு
முதல்முறை வந்த பாவாயி
நாற்காலியில் உட்காரவில்லை.
"வெள்ளையாயிருமுங்க."

செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் குழியிலிருந்து
ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.
இமையில் தூசி, கொசுவத்தில் தூசி.
கேட்டது ஒரே ஒரு வரி:
பொம்பளைகளுக்கு மறைவாய் ஒரு கக்கூஸ்.
நான் 'கழிப்பிடம்' என்று அடித்தேன்.
வாசித்துக் காட்டச் சொன்னாள்.
"கக்கூஸ்னே போடுங்க.
மேனேஜருக்கு அந்த வார்த்தைதான் நாறும்."

கீழே கைநாட்டு.
கல் பொறுக்கித் தேய்ந்த பெருவிரல்
ரேகையே இல்லாத மைப்பொட்டாய் விழுந்தது.
லேபர் ஆபீஸில் திருப்பிவிட்டார்கள்:
இது யாருடைய விரலாகவும் இருக்கலாமாம்.

அடுத்த வாரம்
'பா' போடக் கற்றுக்கொண்டு வந்தாள்.
அதற்கடுத்த வாரம் 'வா'.
'யி' சுழித்து முடிப்பதற்குள்
சங்கத்தில் அறுபத்துமூன்று பெண்கள்.

செயற்குழுவில் கதவோரம் இடம் கொடுத்து
டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார்களாம் தோழர்கள்.
"டீயை நீங்க சொல்லுங்க, நான் கணக்குச் சொல்றேன்:
ஆம்பளைக்குப் பதினொண்ணு, எங்களுக்கு ஏழு.
நாலு ரூவா, இருநூத்திப் பதினாலு பேரு, இருபத்தாறு நாளு.
மாசம் இருபத்திரண்டாயிரத்து இருநூத்தி அம்பத்தாறு
யாரு பையில போவுது?"
அந்தத் தொகையைச் சிவப்பு ரிப்பனில் அடித்தேன்.
ஐந்து காப்பி.
ஐந்தாவது காப்பியில் எழுத்து மங்கும்,
அதைத்தான் நான் வைத்துக்கொள்வேன்.

நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம்.
குச்சிக்கிழங்கு வேகிற வாசம் கேட் வரை.
ஏற்காட்டு எஸ்டேட் பெண்கள்
பஸ் கூரையில் பலாப்பழம் போட்டு அனுப்பினார்கள்,
அவர்களுக்கே இரண்டு மாசக் கூலி பாக்கி.
மகன் பத்தாவது கணக்குப் பரீட்சை எழுதிய காலையில்
அஸ்தம்பட்டி ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தாள்.
அவன் அதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி இல்லை.
அவளும் பதில் சொன்னதில்லை.

ஒன்பதாவது மனுவில்
'தாழ்மையுடன்' வேண்டாமென்றாள்.
பதினான்காவதில் 'கேட்டுக்கொள்கிறோம்' போய்
'கேட்கிறோம்' வந்தது.
இருபதுக்கு மேல் நான் எண்ணவில்லை.

ஒருநாள், வாக்கியத்தின் நடுவில்,
என் கடையில் தாள் அடுக்கும் ரொசாரியைப் பார்த்து
"இந்தப் புள்ளைக்கு என்ன குடுக்குறீங்க?" என்றாள்.
நான் பதில் சொல்லாமல் தட்டினேன்.
அந்தப் பக்கத்தில் மட்டும் ஆறு பிழை.
தை மாதம் கூட்டிக் கொடுத்தேன்.
ரொசாரிக்குக் காரணம் தெரியாது.

கூலி சமமாக ஏழு வருஷமாயிற்று.
கக்கூஸ் அதற்கும் பின்னால்தான் வந்தது,
தாழ்ப்பாள் இல்லாமல்.
தாழ்ப்பாளுக்கு ஒரு தனி மனு அடித்தோம்.

குழி மூடி, மழைத்தண்ணீர் நிறைந்து,
டைப்ரைட்டரை மூலைக்குத் தள்ளிக் கம்ப்யூட்டர் வைத்தேன்.
போன கார்த்திகையில் வந்தாள், இருமிக்கொண்டே.
பி.எஃப். பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று வேண்டும்.
விரல் வைத்தாளாம் கண்ணாடியில்.
பெருவிரல், ஆட்காட்டி, பத்தும்.
பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றதாம் மெஷின்.
"அன்னிக்கு யாரோட விரலோன்னான்.
இன்னிக்கு யாரோடதும் இல்லேங்கிறான்."
சிரிப்பு இருமலாகி, திரும்பச் சிரிப்பானது.

நான் தகரப் பெட்டியைத் திறந்து
மங்கிய ஐந்தாம் காப்பிகளை எடுத்துப் போட்டேன்.
எல்லாவற்றின் அடியிலும்
கோணலாக, பிறகு கோணல் குறைந்து, பாவாயி.
"இதைக் கொண்டுபோய்க் காட்டலாம்" என்றேன்.

"அது எனக்கு மட்டும் ஆவும்."
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்,
நான் சொல்லாமலே.
"எழுதுங்க. பேரு போடுற எடத்தை வெறுசா விடுங்க.
எத்தனை பேருக்கு விரல் தேஞ்சிருக்குன்னு
ஊர் ஊராப் போயிக் கேட்டுட்டு வாரேன்."

எத்தனை காப்பி என்றேன்.